8-1ம் 8-1ம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து (நம் காற்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே பிரீமியர் லீக்கைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை, அதுவும் தமிழில். பிள்ளையைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, அவன் போனில் எதைப் பற்றி இவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறான் என்று புரியாமல் 'உம், உம்' கொட்டும் பெற்றோர் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில் பிக் டென் என்ற கல்லூரிக் குழுவின் 2024 பருவப் பட்டியலைப் போட்டு, பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் 8 வெற்றி 1 தோல்வி, ஆகவே இரண்டும் சம பலம், ஒஹையோ ஸ்டேட் 7-2, ஆகவே ஒரு படி கீழே என்று முடித்திருந்தீர்கள். அந்த இரண்டு 'ஆகவே'யும் சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் படிப்பது இந்தியானா பல்கலைக்கழகத்தில், புளூமிங்டனில். என் மைத்துனரின் மகள் பென் ஸ்டேட்டில். ஆகவே நான் எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 2025 பருவத்தில் இந்தியானா ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டம் வென்றபோது எங்கள் புளோக்கில் எந்த மாடி வரை சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் சொல்வார். இருந்தும் 2024-ல் இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் சமம் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அதை நானே ஒரு மாதம் வாதாடிப் பார்த்து, கணக்குப் போட்டு, கைவிட்டவன்.

நமக்குப் பழகிய லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு தடவை, வெளியூரில் ஒரு தடவை மோதும், மொத்தம் 38 ஆட்டம். மே மாதம் பட்டியலை விரித்தால் அதோடு பேச்சு முடிந்தது, எல்லாரும் ஒரே பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்று குழு குழுவாகச் சேர்ந்து விளையாடுகின்றன. பிக் டென் என்று பெயர்தான் பத்து. ஓரிகன், வாஷிங்டன், யுஎஸ்சி, யுசிஎல்ஏ நான்கும் வந்து சேர்ந்த 2024-லிருந்து அதில் 18 அணிகள். குழுவுக்குள் ஓர் அணி ஆடுவது 9 ஆட்டம்தான். அதாவது 17 எதிரிகளில் 8 பேரின் முகத்தைக்கூட அந்த ஆண்டு பார்க்காது. எஸ்இசி குழுவில் 16 அணிகள், 2024-ல் ஆளுக்கு 8 ஆட்டம். பருவம் முடிந்தபோது அலபாமா, எல்எஸ்யூ, மிசூரி, ஓல் மிஸ், சவுத் கரோலைனா, டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று ஆறு அணிகள் 5-3 என்று ஒரே வரிசையில் நின்றன. பிக் 12-ல் நான்கு அணிகள் 7-2. இப்படிப்பட்ட பட்டியலில் மேலே கீழே என்று பார்ப்பதற்கு முன்னால் யார் யாரோடு ஆடினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. நான் துறைமுகத்தில் 22 ஆண்டு கிரேன் ஓட்டியவன், கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் பெரிய கிரேன். எங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு, மணிக்கு எத்தனை பெட்டி என்று. ஒருவர் 30 தூக்கியிருப்பார், இன்னொருவர் 24 தூக்கியிருப்பார். புதிதாக வந்தவர்கள் 30-ஐப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எங்கள் பழைய ஃபோர்மன் மட்டும் எண்ணைப் பார்க்கும் முன்னால் எந்தக் கப்பல் என்று கேட்பார், கப்பலின் எந்தப் பகுதி, மேல்தளமா உள்ளறையா என்று கேட்பார், மழை பெய்ததா என்று கேட்பார். மேல்தளத்தில் ஒரே அளவு 40 அடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தால் கை தானாகப் போகும். கப்பலின் அடியில், மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, 20 அடியும் 40 அடியும் கலந்து கிடக்கும் இடத்தில் 24 என்பது பெரிய வேலை. அந்த 24-க்காரரைத்தான் கஷ்டமான கப்பல் வரும்போது ஃபோர்மன் கூப்பிடுவார். கல்லூரிக் காற்பந்தில் 'எதிரியின் பலத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கு' என்று அவர்கள் சொல்வதை முதல் தடவை கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது, அவர் ஒவ்வொரு நாளும் மனக்கணக்காகச் செய்ததுதான் அது.

சரி, இந்தியானா கதைக்கு வருகிறேன். அந்தப் பருவத்தில் இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் மோதவே இல்லை. மைத்துனர் கிளமெண்டி கோப்பிக்கடையில் உட்கார்ந்து 'அத்தான், எங்க பொண்ணு காலேஜ்தான் பெரிசு' என்பார், நான் பர்டியூவை இந்தியானா 66-0 என்று அடித்ததை எடுத்து விடுவேன், கோப்பி ஆறிப் போகும். ஒரு ஞாயிறு இளைய மகள் (உயர்நிலை மூன்றில் படிக்கிறாள்) இரண்டு பேரையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு அணியும் மோதாவிட்டாலும் இரண்டும் சந்தித்த எதிரிகள் இருப்பார்களே அப்பா என்றாள். குழுவுக்குள் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள்: யுசிஎல்ஏ, மேரிலண்ட், வாஷிங்டன், பர்டியூ, ஒஹையோ ஸ்டேட்.

அவள் கோடு போட்டு எழுதியதை அப்படியே தருகிறேன். யுசிஎல்ஏவை இந்தியானா 42-13, பென் ஸ்டேட் 27-11. மேரிலண்டை இந்தியானா 42-28, பென் ஸ்டேட் 44-7. வாஷிங்டனை இந்தியானா 31-17, பென் ஸ்டேட் 35-6. பர்டியூவை இந்தியானா 66-0, பென் ஸ்டேட் 49-10. ஒஹையோ ஸ்டேட்டிடம் இந்தியானா 38-15 என்று தோற்றது, பென் ஸ்டேட் 20-13 என்று தோற்றது. வித்தியாசத்தை மட்டும் கூட்டினால் இந்தியானாவுக்கு 100, பென் ஸ்டேட்டுக்கு 114. பரவாயில்லையே, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, அவள் பர்டியூ வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதை எடுத்துவிட்டால் இந்தியானாவுக்கு 34, பென் ஸ்டேட்டுக்கு 75. நான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த 66-0, தோற்றுத் துவண்டுபோன ஓர் அணிக்கு எதிரே குவிந்த புள்ளிகள். அதுதான் என் அணியைச் சமமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். ஒஹையோ ஸ்டேட்டை இந்தியானா சந்தித்தது எதிரியின் மைதானத்தில், பென் ஸ்டேட் சந்தித்தது தன் மைதானத்தில். யுசிஎல்ஏ ஆட்டத்துக்கு இந்தியானா கலிஃபோர்னியா வரை போனது. சொந்த ஊர் என்றால் சில புள்ளிகள் கூடத்தான் வரும், அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்தாலும் 34-ம் 75-ம் நெருங்கவில்லை. அப்புறம் தேசியச் சுற்றில், அதாவது பருவம் முடிந்ததும் தேசியப் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்களில், இரண்டு அணியும் நோட்ர டாமைச் சந்தித்தன; இந்தியானா 27-17 என்று தோற்றது, பென் ஸ்டேட் 27-24 என்று தோற்றது. மைத்துனர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

புள்ளி வித்தியாசம் முதல் படி மட்டும்தான். ஒரு பருவத்தில் வழக்கமான ஆட்டங்கள் 12, அதில் குழுவுக்குள் 8 அல்லது 9. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு நல்ல நாளும் ஒரு கெட்ட நாளும் கணக்கையே புரட்டிவிடும். ஆனால் ஓர் ஆட்டத்துக்குள் ஓர் அணி பந்தை எடுத்து முன்னேற முயல்வது 65 தடவையை ஒட்டி இருக்கும், 12 ஆட்டத்துக்கு 800-ஐத் தொடும். தரம் எங்கே தெரியும் என்றால் அந்த 800-ல்தான் தெரியும். அமெரிக்காவில் இதை நுணுக்கமாக ஆராய்கிறவர்கள் ஆட்டத்தின் முடிவை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு முயற்சியையும் தனித்தனியாக மதிப்பிடுவது இதனால்தான்.

அதில் மிக எளியது சக்சஸ் ரேட். நாங்கள் வீட்டில் 'பலித்த முயற்சி' என்கிறோம். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, அதற்கு டவுன் என்று பெயர், இது உங்கள் கட்டுரையிலேயே இருந்தது. முதல் டவுனில் தேவையில் பாதியாவது கிடைத்தால் பலித்தது. இரண்டாவதில் தேவையில் 70 விழுக்காடு. மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுசாக வேண்டும். அவ்வளவுதான் விதி. ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையில் நானும் மகளும் ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். முதல் டவுன், 10 வேண்டும், 6 வந்தது, டிக். இரண்டாவது, 4 வேண்டும், 2 வந்தது, பெருக்கல் குறி. மூன்றாவது, 2 வேண்டும், 3 வந்தது, டிக். தோசை ஆறினாலும் பென்சில் நிற்காது. இதில் என்ன கண் திறக்கும் என்றால், மூன்றாவது டவுனில் 10 வேண்டிய இடத்தில் 9 யார்டு ஓடியவனை டிவிக்காரர் புகழ்வார், எங்கள் நோட்டில் அது பெருக்கல் குறி. 1 வேண்டிய இடத்தில் இரண்டு யார்டுக்கு முட்டி மோதி விழுந்தவனை யாரும் கவனிக்க மாட்டார்கள், அது டிக். மொத்த யார்டு என்ற எண்ணில் இந்த இரண்டும் தலைகீழாகத் தெரியும். இரண்டு மூன்று வாரம் இப்படி எண்ணிப் பார்த்தால், பத்து முயற்சியில் ஐந்தைப் பலிக்க வைக்கும் அணி எது, மூன்றை மட்டும் பலிக்க வைத்துவிட்டு ஒரே ஒரு நீண்ட ஓட்டத்தில் தப்பித்துக்கொள்ளும் அணி எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த நீண்ட ஓட்டத்துக்கும் மதிப்பு கொடுக்கத்தான் வேண்டும், அதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, எதிர்பார்க்கும் புள்ளிகள் என்று. மைதானத்தில் எந்த இடம், எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு என்ற மூன்றையும் வைத்து, அந்த நிலையிலிருந்து சராசரியாக எத்தனை புள்ளி வரும் என்று பழைய ஆட்டங்களிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். எதிரியின் கோட்டுக்குப் பக்கத்தில் அது உயரும், தன் கோட்டை ஒட்டி மாட்டிக்கொண்டால் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். ஒரு முயற்சிக்கு முன்னால் இருந்த எண்ணுக்கும் பின்னால் இருக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த முயற்சியின் விலை. இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் வெர்ஜில் கார்ட்டர் என்ற ஆட்டக்காரர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவராக, ஆடிய காலத்தில், ராபர்ட் மக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1971-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மைதானத்தில் அடிபட்டு விழுந்து எழுந்தவரே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார், என் மகளுக்கு இவரை மிகவும் பிடித்துப்போனது.

இந்த எண்களை எதிரியின் பலத்துக்கு ஏற்பத் திருத்துவது கடைசி வேலை. ஒரு அணியின் மதிப்பு அதன் எதிரிகளைப் பொறுத்தது, எதிரிகளின் மதிப்பு அவர்களுடைய எதிரிகளைப் பொறுத்தது, ஆகவே சுற்றிச் சுற்றிப் போட்டு எண்கள் அசையாமல் நிற்கும் வரை கணக்குப் போக வேண்டும், அது நோட்டில் முடியாது, கணினி வேண்டும். பில் கானலி உருவாக்கிய எஸ்பி பிளஸ் என்ற தரவரிசைக் கணக்கு ஒவ்வொரு முயற்சியையும் வைத்து இதைச் செய்கிறது. பிரையன் ஃப்ரீமோ உருவாக்கிய எஃப்இஐ ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வருவதையும் ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் ஏற்கனவே முடிந்துபோன நிலையில், அதாவது எட்டிப் பிடிக்கவே முடியாத வித்தியாசத்தில் நடக்கும் முயற்சிகளைத் தள்ளிவிடுவார்கள். பர்டியூ வரியில் என் மகள் இழுத்த கோட்டை அவர்கள் எல்லா ஆட்டத்துக்கும் விதி வைத்து இழுக்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது 'ஆகவே'. ஒஹையோ ஸ்டேட் பட்டியலில் நான்காவது, உண்மைதான். அதன் இரண்டு தோல்விகளையும் பாருங்கள். ஓரிகனிடம் 32-31, அதுவும் ஓரிகனின் மைதானத்தில். மிச்சிகனிடம் 13-10. மிச்சிகன் ஆட்டத்தில் இரண்டு தடவை எதிரி கையில் பந்தை எறிந்தார்கள், கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் இரண்டு தவறியது. அப்படித் தவறுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான், தோல்வி தோல்விதான், அதை அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் யார் ஜெயிப்பார் என்று கேட்டால் அந்த மாதிரி சங்கதிகள் திரும்ப வருவது குறைவு. நழுவி விழுந்த பந்து யார் கையில் போய்ச் சேரும் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அதில் கெட்டிக்காரத்தனம் ரொம்பக் கிடையாது. முயற்சி முயற்சியாகப் பார்த்தால் ஒஹையோ ஸ்டேட் அந்தக் குழுவில் யாருக்கும் கீழே இல்லை. பென் ஸ்டேட்டையும் இந்தியானாவையும் அவர்களே நேரில் தோற்கடித்திருந்தார்கள், உங்கள் பட்டியலில் அந்த இரண்டு அணியும் அவர்களுக்கு மேலே இருந்தன. பிறகு என்ன நடந்தது? தேசியச் சுற்றில் டென்னசியை 42-17, குழுவில் ஒரு தோல்வியும் இல்லாமல் முதலில் நின்ற அதே ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14, இறுதியில் நோட்ர டாமை 34-23. நான்காவதாக நின்ற அணி நாட்டுக்கே முதலாவதாக வந்தது. பட்டியலை மட்டும் படித்தவர்களுக்கு அது அதிசயம்.

எண்களுக்கும் எல்லை உண்டு என்பது தெரிந்தே பேசுகிறேன். எஸ்பி பிளஸ் பருவத்தின் தொடக்கத்தில் போன வருட ஆட்டம், புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தரம், திரும்பி வரும் ஆட்டக்காரர்கள் இவற்றை வைத்துத்தான் தொடங்குகிறது. செப்டம்பரில் வரும் வரிசையை வேதவாக்காக எடுத்துக்கொண்டால், இந்தியானா மாதிரி திடீரென்று எழும்பும் அணியைத் தவறவிடுவோம். நானே அந்தச் செப்டம்பரில் அப்படித்தான் பயந்துபோய் மகனிடம் அதிகம் ஆசை வைக்காதே என்றேன். அப்புறம் சக்சஸ் ரேட்டில் பண்ட் ரிட்டர்ன், அதாவது எதிரி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்து ஓடுவது, வராது. ஒஹையோ ஸ்டேட்டும் இந்தியானாவும் மோதிய அன்று, நம்மூர் நேரம் நவம்பர் 24 ஞாயிறு அதிகாலை 1 மணி, இந்தியானா முதலில் 7-0 என்று போனது, நான் சத்தம் வராமல் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கால்பகுதியில் கேலப் டவுன்ஸ் என்ற ஒரே ஆள் உதைத்து வந்த பந்தைப் பிடித்து 79 யார்டு ஓடிவிட்டார். எங்கள் நோட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இப்போது தனி வரி போட்டிருக்கிறோம்.

ஆகவே பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் குறைவு என்பதும் தெரியும். ஆனால் குழுப் பட்டியல் போடும்போது ஒவ்வோர் அணிக்கும் எதிரே சக்சஸ் ரேட்டைச் சின்னதாக ஒரு பத்தியில் போடலாம், தாக்குதலுக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று. சம வெற்றியில் நிற்கும் அணிகள் நேரில் மோதவில்லை என்றால் 'மோதவில்லை' என்று ஒரு சொல் போடலாம், பொதுவான எதிரிகள் யார் என்று ஒரு வரி. இவ்வளவுதான் நான் கேட்பது. எங்களைப் போன்ற பெற்றோர் அதை வைத்துப் பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச முடியும். 'யார் ஜெயிச்சாங்க' என்பதற்கு அடுத்த கேள்வி கேட்க முடியும். என் மகன் முதல் வருடம் போனில் பேசுவதே இரண்டு நிமிடம்தான். இப்போது மூன்றாவது டவுனில் அவர்கள் அணி ஏன் திணறுகிறது என்று நான் கேட்டால் முக்கால் மணி நேரம் விளக்குகிறான், நடுவில் சாப்பிட்டானா என்றும் கேட்டுவிடுகிறேன்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று உங்கள் விளையாட்டுப் பிரிவினர் தயங்கினால், எங்கள் நோட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்: பலித்த முயற்சி, முயற்சியின் விலை, பொது எதிரி, தீர்ந்த ஆட்டம். கடைசியில் சொன்னது எட்ட முடியாத வித்தியாசத்துக்குப் பிறகு நடக்கும் ஆட்டத்துக்கு மகள் வைத்த பெயர். அந்த ஐந்து எதிரிகளின் பக்கத்தை அவள் படம் எடுத்து வைத்திருக்கிறாள், கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கிளமெண்டி